கப்பலேறிப் போன பச்சைப் பெட்டி

துறைமுகத் தெருவில் அவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் இஸ்திரிக்கடை எதுவும் வைத்திருக்கவில்லை. பழைய சுங்கக் கட்டடத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் கப்பல் சரக்கை அடுக்கி வைத்த கல் கிடங்கு ஒன்று உண்டு. அதில் சில அறைகளைத் தடுத்து, கணவனோடு சேர்ந்து தங்கும் விடுதி நடத்திக்கொண்டிருந்தாள். அங்கே போட்டிருக்கும் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. தலையணை உறையின் மடிப்பு அவ்வளவு கூர்மை. "அண்ணி, உங்க வீட்டுத் தலையணையில ஷேவ் பண்ணிக்கலாம்" என்று அவள் கொழுந்தன் கேலி செய்வான். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

விடுதிக்கு வருகிறவர்களை அவள் இரண்டே சாதியாகப் பிரித்து வைத்திருந்தாள். கப்பல் ஏறப்போகிறவர்கள் ஒரு சாதி, இறங்கி வந்தவர்கள் மற்றொரு சாதி. ஏறப்போகிறவர்களுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். கட்டிய பெட்டியைப் பிரித்து மறுபடியும் கட்டுவார்கள். முன்னூறு வருஷத்துக் கோட்டைச் சுவர் ஜன்னலுக்கு வெளியே நிற்கும். அதைப் பார்க்க அவர்களுக்குக் கண் இருக்காது. இறங்கி வந்தவர்கள் கதையே வேறு. இடுப்புப் பொத்தான் போட முடியாது. மூக்கு நுனி வெயிலில் உரிந்திருக்கும். கெட்டித் தரையில் நின்றுகொண்டு தரை ஆடுகிறது என்று சுவரைப் பிடிப்பார்கள். "ரெண்டு நாள்ல சரியாயிடும் சார். தரைக்கு உங்களைப் பழகணும்" என்பாள் இஸ்திரியக்கா.

அவளுக்குத் தெரியாதா? அவளே இறங்கி வந்தவள்தான்.

பத்து வருஷத்துக்கு மேல் பயணக் கப்பல்களின் அடித்தட்டில் சலவைப் பகுதியில் வேலை பார்த்தவள் அவள். மேலே ஆயிரக்கணக்கான பேர் ஆடிப் பாடி, தின்று, குளித்து, துடைத்துப் போட்டதெல்லாம் குழாய் வழியாகக் கீழே அவள் தலையில்தான் விழும். "உலகத்தையே சுத்தியிருக்கீங்களே, என்னென்ன பாத்தீங்க?" என்று யாராவது கேட்டால், "எல்லா ஊர் அழுக்கையும் பாத்தேன்" என்பாள். பொய் இல்லை. கப்பல் கரையில் நிற்கும் நாளில்தான் சலவைக்காரர்களுக்கு வேலை மூச்சு முட்டும். பழைய பயணிகள் இறங்கி, புதியவர்கள் ஏறுவதற்குள் மொத்தக் கப்பலுக்கும் விரிப்பு மாற்ற வேண்டும். ஊர் பார்க்க எங்கே நேரம்? சலவை அறையில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. இந்தத் துறைமுகத்துக்கு வரும்போதெல்லாம் அதன் வழியே ஒரு பாசி பிடித்த சுவரும், அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் கல் படிக்கட்டும் தெரியும். அவ்வளவுதான். அந்தப் படி எங்கே போகிறது என்று இஸ்திரி போட்டபடியே யோசிப்பாள்.

ஒப்பந்தம் முடிந்ததும் இந்த ஊரில்தான் இறக்கிவிடுங்கள் என்று கேட்டு வாங்கி இறங்கினாள். சொந்த ஊருக்கு விமானம் மறுநாள். முதல் வேலையாக அந்தப் படிக்கட்டைத் தேடிக் கண்டுபிடித்து ஏறினாள். அது ஒரு சந்தில் போய் முடிந்தது. சந்தில் கயிறு விற்கும் கடைகள். அதைத் தாண்டினால் சுங்கக் கட்டடம். அதன் பின்னே மேடேறினால் எரியாத பழைய கலங்கரை விளக்கம். அதற்கடியில் துருப்பிடித்த பீரங்கிகள். பீரங்கிக்கு ஒரு ஜோடியாக உட்கார்ந்திருக்கும் காதலர்கள். நாள் முழுக்க நடந்தாள். கால் கெஞ்சியபோது எதிரே தெரிந்த விடுதிக்குள் நுழைந்து அறை கேட்டாள்.

கட்டிலைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. விரிப்பை உருவி, தோளில் போட்டுக்கொண்டு கீழே வந்தாள். மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"இதை யார் துவைச்சது?"

அவர் விரிப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மழை" என்றார்.

கொடியில் கிடந்ததை எடுக்க மறந்து, நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனைந்ததைத்தான் அப்படி உண்மை மாறாமல் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் காலை விடுதியின் மொத்த விரிப்புகளும் கொல்லையில் கொதித்துக்கொண்டிருந்தன. "நீங்க தங்க வந்தவங்கம்மா, நீங்க எதுக்கு..." என்று அவர் பின்னாலேயே நடந்தார். "நான் தூங்கணும்னா இது வெளுக்கணும். தள்ளுங்க" என்றாள். விமானம் போயிற்று. அவள் போகவில்லை. கொஞ்ச நாளில் கல்யாணமும் ஆயிற்று. துணி வெளுக்க வந்தவள் அந்த வீட்டையே வெளுத்து வாங்கினாள் என்று தெருவில் சொல்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

இதெல்லாம் நடந்து பல வருஷம் கழித்து, ஒரு கப்பல் நாளுக்கு முந்தின மாலை, ஒரு ஜோடி வந்து இறங்கியது. அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட வந்தவர் பல் டாக்டர். இரண்டு பேருக்குமே துணை இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பல் வலி என்று போன இடத்தில்தான் பழக்கம்.

"வாயைத் திறங்கன்னு சொன்னேன். திறந்தவங்க இன்னும் மூடலை" என்றார் டாக்டர்.

"பல்லைப் பிடுங்கினாரு. அப்படியே மனசையும்..." என்று ஆரம்பித்த டீச்சர் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

கப்பல் புறப்பட்ட மறுநாள் காலை, நடுக்கடலில், கப்பல் கேப்டன் முன்னிலையில் அவர்களுக்குக் கல்யாணம். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று உறவில் ஆளாளுக்கு முணுமுணுத்ததால், முணுமுணுப்பு கேட்காத தூரத்துக்குப் போய்ச் செய்துகொள்வது என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள்.

டீச்சர் தன் பச்சைப் பெட்டியிலிருந்து கல்யாண உடுப்பை எடுத்தார். மாதுளை முத்து நிறத்தில் பட்டு அங்கி. "நானே தைச்சது. அதுக்கு முன்னாடி ஊசியே பிடிச்சதில்ல. கையை மட்டும் மூணு தடவை பிரிச்சுத் தைச்சேன். யாரையும் நம்பி இஸ்திரிக்குக் குடுக்க மனசு வரல" என்றார். இஸ்திரியக்கா அதை விளக்கடியில் விரித்துப் பார்த்தாள். கீழ் ஓரத்தில் தையல் கொஞ்சம் கோணல்.

"இதை நேராக்கித் தரட்டுமா டீச்சர்?"

"வேணாம்மா. கோணலா இருந்தாலும் என் கைத்தையல்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மெல்லிய துணி போட்டு, சூடு பார்த்து, உள்பக்கமாகத் தேய்த்தாள். மடிப்பு விழாதபடி இடையில் காகிதம் வைத்துச் சுருட்டி அவளே பெட்டியில் வைத்தாள்.

மறுநாள் காலை கப்பல் வந்தது. இறங்கியவர்களில் ஒரு மரக்கடைக்காரர் விடுதிக்கு வந்தார். வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு, மகன்கள் வற்புறுத்தியதால் கப்பலில் போய் வந்தவர். சாயங்கால ரயில் வரைக்கும் பெட்டியை வைத்துவிட்டு ஊர் பார்க்கப் போகிறேன் என்றார். பெட்டியைக் கூடத்தில் நிறுத்தினார். அதுவும் பச்சை. இறங்கி வந்த கப்பலின் அட்டை அதன் கைப்பிடியில் அப்படியே தொங்கியது. டீச்சரும் டாக்டரும் ஏறப்போவதும் அதே கப்பல்தான். அவர்கள் பெட்டியிலும் அதே நிறத்தில் அட்டை. மதியம் துறைமுக வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவள் கணவர் அவசரத்தில் பச்சைப் பெட்டி ஒன்றைத் தூக்கி வண்டியில் வைத்தார். டீச்சரும் பார்த்தார், டாக்டரும் பார்த்தார். ஏறப்போகிறவர்கள் என்றைக்கு எதைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள்?

ஊர் சுற்றி, வியர்த்து வழிந்து திரும்பிய மரக்கடைக்காரர் சட்டை மாற்றலாம் என்று பெட்டியைத் திறந்தார்.

"ஏம்மா! இங்க வாங்க! என் பெட்டியில ஒரு பொம்பளை உடுப்பு இருக்கு!"

கொல்லையிலிருந்து ஓடி வந்த இஸ்திரியக்கா, காகிதத்துக்கு நடுவே மாதுளை நிறத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். டீச்சரின் கைபேசிக்குக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுப்பாரில்லை. கப்பல் புறப்படும் முன் எல்லோரையும் கூட்டி வைத்து ஆபத்துக் காலப் பயிற்சி நடத்துவார்கள். அந்த நேரத்தில் யாரும் கைபேசியைத் தொட முடியாது.

அவள் கணவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "போச்சு. இத்தனை வருஷ மானம் கப்பலேறிடுச்சு."

"மானம் ஏறலீங்க. பெட்டிதான் ஏறியிருக்கு. இறக்கிடலாம்" என்றாள் அவள். "எழுந்திரிங்க. வண்டியை எடுங்க."

"கப்பல் கிளம்பப் போகுதேம்மா!"

"கிளம்பட்டும். நிக்கிற கப்பல்லதான் ஏத்த முடியும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

போகும் வழியில் மரக்கடைக்காரர் பின் இருக்கையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புலம்பினார். "என் வீட்டுச் சாவி அதுல இருக்கு. பசங்க எல்லாம் வெளியூர்ல இருக்கானுங்க. நான் வாசல்லதான் படுக்கணும்."

"சாவி வரும் சார். சட்டையும் வரும்."

"அழுக்குச் சட்டைம்மா அதெல்லாம். அதைப் போய் அந்தக் கல்யாணப் பொண்ணு திறந்து பாத்தா..."

"பல் டாக்டரைக் கட்டிக்கப் போறவங்க சார். எல்லாத்தையும் தாங்குவாங்க."

துறைமுக வாசலில் கப்பல் நிறுவனத்தின் ஏஜென்டாக இருந்தது ஒரு பெண். காலையிலிருந்து இறங்கினவர்களுக்கும் ஏறினவர்களுக்கும் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. "கப்பல்ல ஏறுற படியை எடுத்தாச்சுக்கா. இனி கரையிலேர்ந்து ஒரு குண்டூசி கூட உள்ள போகாது. அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பி வைக்கிறேன்" என்றாள்.

"அடுத்த துறைமுகம் வர்றதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிடும்மா."

"என்னது, கல்யாணமா?"

இஸ்திரியக்கா பெட்டியைத் திறந்து காட்டினாள். விவரத்தைச் சொன்னாள். ஏஜென்ட் அந்தப் பட்டைத் தொட்டுப் பார்த்தாள். கீழ் ஓரத்துக் கோணல் தையலையும் பார்த்தாள். அவள் முகம் இளகுவது தெரிந்தது.

"பைலட் எப்படிம்மா இறங்குவாரு?" என்று கேட்டாள் இஸ்திரியக்கா.

எந்தக் கப்பலாக இருந்தாலும் துறைமுகத்தைத் தாண்டும் வரை, உள்ளூர் நீரோட்டம் தெரிந்த பைலட் ஒருவர் உடனிருந்து வழி காட்டுவார். வெளிக்கடலை எட்டியதும் கப்பலின் பக்கக் கதவு வழியே கயிற்று ஏணியில் இறங்கி, கூடவே வரும் சிறு படகில் குதித்துக் கரை திரும்புவார். அந்தப் படகை ஓட்டுகிறவன்தான் இஸ்திரியக்காவின் கொழுந்தன்.

ஏஜென்ட் அவளை ஒரு நொடி பார்த்தாள். "அட, அந்தக் கதவு திறக்குமே!" என்றாள். பிறகு தொண்டைக்கட்டை மறந்துவிட்டு அவளே வேகமெடுத்தாள். கப்பலைக் கூப்பிட்டாள், கேப்டனிடம் பேசினாள், துறைமுகக் காவலர்களிடம் பெட்டியைக் கொடுத்து ஊடுகதிர் கருவியில் சோதித்து முத்திரை போடவைத்தாள். "கேப்டன் சரின்னுட்டாரு. அவருதான் கல்யாணத்தை நடத்தி வைக்கணுமாம். பொண்ணு அழுதுக்கிட்டு நின்னா நான் எப்படி நடத்தறதுன்னு கேக்கறாரு. ஆனா படகுல ஒருத்தர்தான் போகலாம்."

மரக்கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். "நான் இல்லப்பா. எனக்கு இந்தத் தரையே ஆடுது."

கணவர் படகைப் பார்த்தார், அலையைப் பார்த்தார். "நீ போயிட்டு வா. பெட்டியை மாத்தினவன் நான்; மறுபடியும் என் கையில குடுக்காதே."

இஸ்திரியக்கா தன் உடுப்பின் கீழ்ப்பகுதியை இழுத்துச் செருகிக்கொண்டு, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு படகில் இறங்கினாள்.

"அண்ணி, நல்லாப் பிடிச்சுக்குங்க. வெளிய அலை ஜாஸ்தி" என்றான் கொழுந்தன்.

"எனக்கே சொல்றியா? பத்து வருஷம் கப்பல்ல இருந்தவடா நான்."

"கப்பல் வேற அண்ணி. இது சோப்பு டப்பா."

அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் அவன் சொன்னது சரி என்று தெரிந்தது. படகு மேலே எம்பி, ஒரு கணம் யோசித்து, தொப்பென்று விழுந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் அவள் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பயம் வரவில்லை. முகத்தில் தெறித்த உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் வேகமாப் போப்பா" என்றாள்.

கப்பல் நெருங்கியது. அருகில் போகப் போக அது கப்பலாகவே தெரியவில்லை. நகரும் சுவராகத் தெரிந்தது. கொழுந்தன் அதே வேகத்தில் படகை ஒட்டி ஓட்டினான். பக்கக் கதவு திறந்தது. மாலுமிகள் ஒரு கயிற்றை வீசினார்கள். அவள் பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, அழுக்குமூட்டை கட்டும் முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்தாள். கையை உயர்த்தினாள். பெட்டி மேலே போயிற்று. ஒருமுறை காற்றில் சுழன்றது. அவள் மூச்சும் கூடவே சுழன்றது. பிறகு நாலு கைகள் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டன.

அப்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது. கதவுக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே, வரிசையாக வட்டக் கண்ணாடிகள். உள்ளே ஆவி படிந்து மங்கியிருந்தன. அடியில் ஒரு குழாயிலிருந்து வெந்நீரும் சோப்பும் கலந்த, அவளுக்கு நன்றாகத் தெரிந்த மணம் வந்தது. உள்ளேயிருந்து யாரோ ஒரு கண்ணாடியைக் கையால் துடைத்தார்கள். ஓர் இளம்பெண்ணின் முகம். வெளியே குதிக்கும் படகையும் அதில் நிற்கும் பெண்ணையும் அவள் வியப்பாகப் பார்த்தாள். இஸ்திரியக்கா அந்தக் கண்ணாடிக்கு உள்ளே நின்றவள். இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று எத்தனை நாள் யோசித்திருக்கிறாள்! கையை உயர்த்தி ஆட்டினாள். அந்தப் பெண் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ஒரு தலையணை உறையைத் தூக்கி ஆட்டினாள்.

"யாரண்ணி அது? தெரிஞ்சவங்களா?"

"ஆமாம்ப்பா" என்றாள்.

பைலட் ஏணியில் இறங்கிப் படகில் குதித்தார். "என் சர்வீஸ்ல பெட்டிக்கு வழி விட்டு நின்னது இன்னைக்குத்தான்" என்றார். கடைசியாக மரக்கடைக்காரரின் பெட்டி கயிற்றில் இறங்கியது. படகு சரிந்த நேரம் பார்த்து ஓர் அலை எழுந்து, பெட்டியை இடுப்பளவுக்கு முக்கி எடுத்தது. கொழுந்தன் பதறிப்போனான்.

"விடுப்பா, எப்படியும் துவைக்கத்தானே வேணும்" என்றாள் அவள்.

மேல்தட்டிலிருந்து யாரோ கத்துவது கேட்டது. அண்ணாந்து பார்த்தாள். டீச்சர் கம்பியைப் பிடித்துப் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் அவர் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என்ன சொல்கிறார் என்று காற்றில் புரியவில்லை. இஸ்திரியக்கா கையை முன்னும் பின்னும் அசைத்து, இன்னொரு தடவை தேய்த்துக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினாள். டீச்சர் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

கரைக்கு வந்தபோது ரயில் போயிருந்தது. மரக்கடைக்காரர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு ஒரு ராத்திரி இங்கயே இருந்துடறேன்" என்றார். ஒரு ராத்திரி நாலு ராத்திரியாயிற்று. உப்புத் தண்ணீரில் ஊறிய அவர் சட்டைகள் கொல்லைக் கொடியில் வரிசையாக ஆடின. "இதெல்லாம் வெள்ளைச் சட்டைன்னே மறந்துட்டேன்மா" என்றார். பகலில் அவரும் அவள் கணவரும் கலங்கரை விளக்க மேட்டில் உட்கார்ந்து, கப்பலில் கிடைக்காத நிம்மதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு விடுதியில் ஒரு வழக்கம் வந்தது. பெட்டி உள்ளே வந்த உடனே, அதன் கைப்பிடியில் கிழிந்த விரிப்புத் துணியில் ஒரு துண்டைக் கட்டிவிடுவார்கள். ஏறுகிறவர்களுக்கு ஒரு நிறம், இறங்கினவர்களுக்கு இன்னொரு நிறம். கட்டுவது அவள் கணவர். சரி பார்ப்பது அவள்.

கப்பல் சுற்றி முடித்துத் திரும்பிய அன்று டீச்சரும் டாக்டரும் விடுதி வாசலில் வந்து நின்றார்கள். இரண்டு பேரும் லேசாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பெட்டியைத் திறந்தா ஆம்பளை பனியன்! நாலு நிமிஷம் அழுதேன். அப்புறம் இவரு சொன்னாரு, பரவால்ல, இதுல ஒண்ணைப் போட்டுக்கிட்டாவது வா, கல்யாணத்தை நிறுத்த மாட்டேன்னு. அப்பதான் கதவைத் தட்டி, உங்க பெட்டி கடல் வழியா வருதுன்னு சொன்னாங்க."

"கல்யாணத்தன்னிக்கு நல்ல அலை" என்றார் டாக்டர். "கேப்டன் ஒரு கையால புத்தகத்தைப் பிடிச்சாரு, ஒரு கையால என்னைப் பிடிச்சாரு. இவங்க மட்டும் அசையாம நின்னாங்க."

"எல்லாரும் எங்க தைச்சதுன்னு கேட்டாங்க, தெரியுமா?" என்றார் டீச்சர். பிறகு வாசலுக்கு வெளியே திரும்பி, முதல் தடவை பார்ப்பதுபோல் தெருவைப் பார்த்தார். "ஆமா, இது என்ன இவ்ளோ அழகா இருக்கு? அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"அன்னைக்கும் இப்படித்தான் டீச்சர். நீங்கதான் பாஸ்போர்ட்டைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

கொதிக்கும் அண்டாவைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு, இஸ்திரியக்கா அவர்களை ஊர் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். கயிற்றுக்கடைச் சந்தில் டீச்சர் ஒவ்வொரு கடையிலும் நின்று பேசினார். நீரூற்றின் மேல் வாய் பிளந்து நின்ற கல் சிங்கத்தை டாக்டர் எட்டிப் பார்த்து, "முன்பல் ரெண்டும் போச்சு. என்கிட்ட முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். மேடேறியபோது தரை ஆடுகிறது என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பீரங்கிகளில் ஒன்று மட்டும் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தார்கள். பக்கத்துப் பீரங்கியில் இருந்த இளம் ஜோடி சிரித்துக்கொண்டே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

"நீங்க போங்கம்மா, உங்களுக்கு வேலை கிடக்கும். நாங்க மெதுவா வந்துக்கறோம்" என்றார் டீச்சர்.

"வழி தெரியுமா டீச்சர்?"

"தெரியாது. கேட்டுக்கிட்டே வர்றோம்."

இஸ்திரியக்கா சிரித்தபடி இறக்கத்தில் வேகமாக நடந்தாள். அண்டாவை அந்த மனுஷரை நம்பி விட்டு வந்து ரொம்ப நேரமாகியிருந்தது.